வாளுக்கு வயது குறிப்பது: ஜவ்வாது மலை நடுகற்கள் தரும் அளவுகோல்

பழைய வாள் ஒன்று கண்ணில் பட்டதும் எழும் முதல் கேள்வி அதன் வயது. அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் வாளைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. ஊரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. தஞ்சைப் பக்கம் என்றால் சோழர் வாள், மதுரைப் பக்கம் என்றால் திருமலை நாயக்கர் வாள், வேலூர் ஆம்பூர்ப் பக்கம் என்றால் திப்பு சுல்தான் வாள். குலதெய்வக் கோயிலில் மஞ்சள் குங்குமத்துடன் சாய்த்து வைத்திருக்கும் வாளுக்கும், பழைய பொருள் கடையில் விலை பேசப்படும் வாளுக்கும் இதே வழியில்தான் வயது ஒட்டப்படுகிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும் இந்தப் பழக்கத்திலிருந்து வெளியேற ஒரு வழி காட்டுகின்றன. வாள் ஏந்திய வீரனின் உருவமும், அவன் எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டில் இறந்தான் என்ற குறிப்பும் ஒரே கல்லில் பொறித்த சான்றுகள் தமிழ்நாட்டிலேயே இங்குதான் மிகச் செறிவாக உள்ளன. வயது தெரியாத வாளை ஆராயும் முன், வயது தெரிந்த கல்லில் உள்ள வாளை ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரும்பு தன் வயதைத் தானாகச் சொல்லாது. பானை ஓட்டுக்கு மண்ணடுக்கு துணை நிற்கும். காசுக்கு அதன் முத்திரையே துணை. கோயிலிலும் வீட்டிலும் கைமாறி வந்த வாளுக்கு இரண்டுமே கிடையாது. துருவை வைத்து வயது சொல்வது மிகப் பெரிய ஏமாற்று. ஈரமான இடத்தில் இருந்த ஐம்பது ஆண்டு வாள், எண்ணெய் பூசிக் காத்த முந்நூறு ஆண்டு வாளைவிடக் கிழடாகத் தோன்றும். வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பதும் கடினமான வேலை இல்லை. உப்பும் புளிப்பும் சில வாரங்களில் செய்து முடித்துவிடும். பிடியை வைத்து வயது சொல்வதும் அத்தனை உறுதியானதல்ல. இந்திய வாள்களில் பிடி வேறு, அலகு வேறு. அலகின் வாலைப் பிடியின் குழிவுக்குள் நுழைத்து, அரக்கு கலந்த பசையை உருக்கி ஊற்றி இறுக்குவது பரவலான முறை. சூடு காட்டினால் அரக்கு இளகும். பழைய பிடி கழன்று புதிய பிடி ஏறும். ஒரு வாளின் ஆயுளில் இப்படிப் பல முறை நடந்திருக்கலாம். ஆகவே ‘இந்த வாளின் வயது என்ன?’ என்ற கேள்வியே பல நேரங்களில் பிழையானது. அலகின் வயது என்ன, பிடியின் வயது என்ன, இரண்டும் சேர்ந்த காலம் எது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

நடுகல்லில் இந்தக் குழப்பம் இல்லை. ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தேடித் திரட்டிய கற்கள், இரா. நாகசாமி பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வந்தன. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம். ஆநிரை கவர வந்தவரோடு பொருதோ, ஆநிரை மீட்கப் போயோ இறந்த வீரர்களின் கற்கள் இவற்றில் மிகுதி. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் எனப் பல்லவ அரசர் பெயரும் ஆட்சியாண்டும் தாங்கி, பழைய கற்களில் வட்டெழுத்தில், இவை தொடர்கின்றன. பிறகு சோழர் கால ஆண்டுக் குறிப்புகளும் வருகின்றன. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் என்பதையும் கல்லே சொல்கிறது. ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி வைத்தவர்கள் வீரன் கையிலிருந்த ஆயுதத்தைப் பொருட்படுத்தாமல் செதுக்கியிருப்பார்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. மகேந்திரவர்மன் அரியணை ஏறிய ஆண்டை 590ஐ ஒட்டி வைப்போரும் உண்டு, 600ஐ ஒட்டி வைப்போரும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் எடுத்தனூர்க் கல் ஏழாம் நூற்றாண்டின் முதல் 40 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். பத்து இருபது ஆண்டு முன்பின் என்பது, நூற்றாண்டுக் கணக்கில் ஊகித்துக்கொண்டிருக்கும் வாள் ஆராய்ச்சிக்குப் பெருஞ்செல்வம்.

இக்கற்களில் வீரன் பெரும்பாலும் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளுமாக நிற்கிறான்; இடையில் உறை தெரியும். காலம் செல்லச் செல்ல வாளும் கேடயமும் ஏந்திய வீரர்கள் கூடுகிறார்கள். விசயநகர, நாயக்கர் காலக் கற்களில் நீண்ட வாள் வருகிறது. உடன் இறந்த மனைவியும் அருகில் நிற்பதுண்டு. தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் அரிகண்டச் சிற்பங்கள் வாளின் வேறொரு பயன்பாட்டைக் காட்டுகின்றன. இவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சில செய்திகள் தெளியும். முதலாவது, பல்லவர் காலத்து எல்லைப்புற வீரனுக்கு வாள் துணை ஆயுதமே. முதல் ஆயுதம் வில். ஆகவே அவன் வாள் குட்டையாக, அகலமாக, நெருங்கி வந்தவனைக் குத்தவும் வெட்டவும் ஏற்றதாக இருப்பது இயல்பு. மூன்றடி நீள வாளைக் காட்டி ‘பல்லவர் காலத்து மாடுபிடிச் சண்டையில் பயன்பட்டது’ என்று ஒருவர் சொன்னால், சொல்பவர்தான் சான்று காட்டக் கடமைப்பட்டவர். இரண்டாவது, வளைவு. ‘வளைந்த வாள் என்றால் முகலாயர் காலம், நேரான வாள் என்றால் அதற்கு முந்தியது’ என்று ஒரு வாய்பாடு புழங்குகிறது. எந்தப் பக்கம் வளைகிறது, கூர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் இதைச் சொல்வது பயனற்றது. அரிவாளைப்போல உட்பக்கம் கூர் கொண்டு முன்னோக்கிச் சாயும் அலகு தென்னிந்தியாவுக்கு மிகப் பழையது. வெளிப்பக்கம் கூர் கொண்டு பின்னோக்கி வளையும் அலகுதான் குதிரைப் படையோடு வடக்கிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்து பரவியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிற்பி வாளைப் பார்த்துச் செதுக்கவில்லை, மரபைப் பார்த்துச் செதுக்கினான். கல்லின் அளவுக்கும் உளியின் வசதிக்கும் ஏற்ப வாளைக் குறுக்கியிருப்பான், நீட்டியிருப்பான். போதாததற்கு நூற்றாண்டுக் கணக்கில் மழையும் எண்ணெயும் சுண்ணாம்பும் கல்லைத் தேய்த்துவிட்டன என்பார்கள். இதில் பாதி உண்மை. நீளத்தைக் கல்லிலிருந்து அளந்து சொல்வது ஆபத்துதான். வீரனைப் பெரிதாக்கிக் காட்டும் கலை அவன் வாளையும் தன் விருப்பம்போல் மாற்றும். ஆனால் மரபு என்பது பின்தங்கித்தான் நிற்க முடியும், முந்திக்கொள்ள முடியாது. வழக்கொழிந்த பழைய வாளைச் சிற்பி செதுக்கலாம். இன்னும் பிறக்காத வாளை அவன் செதுக்க முடியாது. ஆகவே ஆண்டு பொறித்த கல்லில் ஒரு வடிவம் தோன்றினால், அந்த ஆண்டுக்குள் அவ்வடிவம் பிறந்துவிட்டது என்பது உறுதி. அது எப்போது மறைந்தது என்பதைக் கல் சொல்லாது. அதே வடிவத்தில் இன்றைய கொல்லரும் ஒரு வாள் அடிக்கலாம். கல் தரும் விடை ‘இருக்கலாம்’ என்பதோடு நின்றுவிடும். ‘இருக்கிறது’ என்று சொல்ல இரும்பைத்தான் பார்க்க வேண்டும். கல்லில் இல்லாத வடிவத்தைப் பற்றி என்ன சொல்வது? ஒரு கல்லின் மௌனத்துக்கு மதிப்பில்லை. நூற்றுக்கணக்கான கற்கள், பல தலைமுறைகள், பல சிற்பிகள் எல்லாரும் ஒரு வடிவத்தைப் பற்றி மௌனமாக இருந்தால் அந்த மௌனத்துக்கு எடை உண்டு.

நடுகற்கள் அருகும் காலத்தில் கோயில் தூண்கள் கைகொடுக்கின்றன. மலைக்கு வடக்கே வேலூர்க் கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் 16ஆம் நூற்றாண்டு விசயநகரப் பணி. பாயும் குதிரைகளும் வீரர்களும் நிறைந்த அதன் தூண்கள், படையின் ஆயுதங்கள் மாறிவிட்ட காலத்தைச் சேர்ந்தவை. அகன்ற நேர் அலகு, பிடிக்கு மேல் கையைக் காக்கும் தகட்டு வேலைப்பாடு, விரல்களை மூடும் வளைகாப்பு ஆகியவை இந்தக் காலத்திலும் இதற்குப் பின்னரும்தான் பெருகின. விரல் வளைகாப்பு உள்ள பிடியைப் பார்த்ததும் சோழர் என்று சொல்லும் பழக்கத்தை இந்தத் தூண்களின் முன் நின்றால் கைவிட நேரும். நடுகல்லும் தூணும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வரிசை ஒன்றைத் தருகின்றன. அதில் இடைவெளிகள் இருக்கின்றன. ஆனாலும் அருங்காட்சியகத்தில் தேதி இல்லாமல் தொங்கும் எந்த வாள் வரிசையைவிடவும் இது நம்பத் தக்கது.

‘கல்லைக் கட்டிக்கொண்டு அழுவானேன், ஆய்வகத்துக்கு அனுப்பினால் போயிற்று’ என்பது அடுத்த மறுப்பு. அண்மைச் செய்திகள் இந்த நம்பிக்கையை வளர்த்திருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என 2022இலும், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் பொ.ஆ.மு. 3345 வரை செல்கிறது என 2025இலும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டாரத்துத் தெலுங்கனூரில் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் கிடைத்த இருபுறக் கூர் வாளைப் பார்க், கா. ராஜன், ரமேஷ் ஆகியோர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். அது மிகுந்த கரி கொண்ட எஃகால் ஆனது என்பதும், அதன் காலம் பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதிக்குச் செல்கிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவுகள். இவை பெருமைக்குரியவை. ஆனால் இந்தக் காலக் கணிப்புகள் அந்தந்தக் குழிக்கும் தாழிக்கும் உரியவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வாளுக்கு இவற்றைக் கடன் கொடுக்க முடியாது. வாளுக்குள் இருக்கும் கரியையே பிரித்தெடுத்து ரேடியோ கார்பன் முறையில் காலம் காணலாம். வான் டெர் மெர்வே 1969இலேயே இந்த வழியைத் திறந்தார். அதற்கும் எல்லைகள் உண்டு. அது சொல்வது, உலையில் எரிந்த மரம் வெட்டப்பட்ட காலத்தை. வயதான மரத்தின் உள்வயிரத்தை எரித்திருந்தால் விடை பழையதாக வரும். பழைய கொழுவையும் கோடரியையும் சேர்த்து உருக்கி அடித்திருந்தால் பல காலங்கள் கலந்து வரும். இதைவிடப் பெரிய சிக்கல், 1650க்குப் பிந்தைய முந்நூறு ஆண்டுகளில் காற்றுவெளியின் கார்பன்-14 அளவு ஏறியிறங்கியதால் அந்தக் காலத்துப் பொருள்களுக்கு இம்முறை தெளிவான விடை தருவதில்லை. நம் கோயில்களிலும் கடைகளிலும் இருக்கும் வாள்களில் பெரும்பகுதி அந்த முந்நூறு ஆண்டுகளைச் சேர்ந்தது. எங்கே கருவி அதிகம் தேவையோ அங்கே அது கைவிடுகிறது.

வேலைத்திறம் வேறு கேள்வி. வயதையும் திறத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான் இத்துறையின் பெரிய நோய்: அழகாக இருந்தால் அரசருடையது என்றும், கரடுமுரடாக இருந்தால் மிகப் பழையது என்றும் சொல்லிவிடுகிறார்கள். தெலுங்கனூர் வாள் இரண்டாவது எண்ணத்தை முழுவதுமாக உடைக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தேர்ந்த எஃகு வேலை நடந்திருக்கிறது. முதல் எண்ணத்தை உடைக்க எஃகு செய்த முறையைப் பார்க்க வேண்டும். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையையும் எருக்க இலையையும் களிமண் குகையில் அடைத்து, வாயை மூடி, உலையில் துருத்தி ஊதி உருக்கி மெதுவாக ஆறவிட்டால் கிடைப்பதே உலகம் ஊட்ஸ் என்று அறிந்த எஃகுக் கட்டி. தமிழ்நாட்டில் இந்த வேலை நடந்த விதத்தை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். மைக்கேல் ஃபாரடே லண்டனில் இதை ஆராய்ந்தார். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மேல்சிறுவளூரில் இத்தகைய எஃகு உருக்கிய குகைகளின் உடைசல்களைச் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994இல் எழுதினார். ஜவ்வாது மலையிலிருந்து அது தொலைவில் இல்லை. திருவண்ணாமலை அருகே இரும்புத்தாது நிறைந்த கவுத்தி மலைக்குப் பக்கத்து மலையின் பெயர் வேடியப்பன் மலை. இந்த வட்டாரத்தில் நடுகல் வீரனை வேடியப்பன் என்றே பல ஊர்களில் வணங்குகிறார்கள். ஊட்ஸ் அலகில் நீரலைபோல் ஓடும் வரி எல்லாக் கட்டியிலும் வருவதில்லை. வெர்ஹோவன், பெண்ட்ரே ஆகியோரின் ஆய்வுகள் காட்டியபடி, தாதுவில் வனேடியம் போன்ற தனிமங்கள் மிக நுண்ணிய அளவிலாவது இருந்தால்தான் அந்த வரி பிறக்கும். கொல்லர் சூட்டை மீறினால் வந்த வரியும் அழியும். ஆக, வரி இல்லாத வாள் மட்டம் என்பதும் தவறு, வரி உள்ள வாள் எல்லாம் பழையது என்பதும் தவறு. அமிலத்தால் வரி வரைந்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேலே வரைந்த வரி ஒரே ஆழத்தில், அலகின் முதுகிலும் கூரிலும் வேறுபாடின்றி ஓடும். உலோகத்துக்குள்ளிருந்து வரும் வரி, சுத்தி விழுந்த போக்கில் நெளிந்து, முனை நோக்கி இழுபட்டு நிற்கும்.

வரியைவிட நம்பத்தக்க அடையாளங்கள் உண்டு, அவற்றுக்குக் கண்ணும் கையும் போதும். நல்ல அலகு பிடியருகே தடித்து முனை நோக்கிச் சீராக மெலியும். இரும்புப் பட்டையை வெட்டி ஓரம் தீட்டிய போலி அலகு முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பில் இருக்கும். நடுவில் ஓடும் பள்ளத்தைக் கையால் தோண்டியிருந்தால் அகலம் மெல்ல மாறும். மின்சாரச் சாணையில் தோண்டியிருந்தால் முடிவில் சக்கரத்தின் வட்டம் தெரியும். முதுகு வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அலகு நேராக ஓடுகிறதா, முறுக்கிக்கொண்டதா என்பது புலப்படும். பலமுறை தீட்டிய வாளில் கூர்ப்பக்கம் தேய்ந்து, பிடியை ஒட்டிய பகுதி மட்டும் பழைய அகலத்தில் நிற்கும். இந்தத் தேய்மானத்தைப் போலியாக உண்டாக்குவது கடினம், ஆகவே பயன்பாட்டுக்கு அது நல்ல சாட்சி. கையில் எடுத்தால் எடை பிடியருகே கூடி நிற்கிறதா, முனையைப் பார்த்து இழுக்கிறதா என்பது வாள் வெட்டுக்கா குத்துக்கா, சாமியாட்டத்துக்கா என்பதைச் சொல்லிவிடும். திருவிழாவில் அருள் வந்தவர் ஏந்துவதற்கென்றே செய்த வாளும் நேர்மையான வேலைதான். போர் வாள் என்று பெயர் சூட்டும்போதுதான் அது பொய்யாகிறது.

அலகில் முத்திரையோ பெயரோ இருந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. இஸ்பகானின் அசதுல்லா பெயர் பல தலைமுறை வாள்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் ஓர் ஆயுளில் செய்திருக்க முடியாத எண்ணிக்கை அது. ஐரோப்பாவில் ஆந்திரேயா ஃபெராரா பெயருக்கும் அதே கதி. போர்த்துகீசியர் காலந்தொட்டு ஐரோப்பிய அலகுகள் இங்கே வந்து இந்தியப் பிடிகளில் ஏறின; பரங்கி வாள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவற்றின் மதிப்பைப் பார்த்து உள்ளூர்க் கொல்லர்கள் அந்த முத்திரைகளையே அலகில் அடித்ததும் நடந்தது. ஆக முத்திரை என்பது அந்தக் காலத்து விளம்பரம் என்ற அளவில் மட்டுமே சான்று.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: நடுகற்கள் ஏழாம் நூற்றாண்டு, கையிலிருக்கும் வாள்கள் பதினேழுக்குப் பிந்தியவை, இரண்டுக்கும் என்ன உறவு? கேள்வி நியாயமானது, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய வாள்கள் ஏன் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் கையிலிருப்பது எந்தக் காலத்தது என்ற மதிப்பீடு தானாகத் திருந்தும். நம் மழையிலும் வெயிலிலும் இரும்பு நெடுநாள் நிற்பதில்லை. இரும்பு விலையுயர்ந்த பொருளாதலால் உடைந்த வாள் கொழுவாகவும் அரிவாளாகவும் மறுபிறவி எடுத்தது. பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801இல் கும்பினி அரசு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலைக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. அரசு மரபு முடிந்ததும் 1860களில் சென்னை அருங்காட்சியகத்துக்கெனச் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். வால்ஹவுஸ் இதை 1878இல் எழுதிப் பதிவு செய்தார். எஞ்சியவற்றைக் கொண்டுதான் ராபர்ட் எல்குட் 2004இல் தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றிய தம் நூலை எழுத முடிந்தது. அரசாங்க ஆயுதசாலைக்கே இந்த கதி என்றால், மலையடிவார வீடொன்றில் பல்லவர் வாள் பத்திரமாக இருக்கிறது என்ற கூற்றை எவ்வளவு எச்சரிக்கையோடு கேட்க வேண்டும்! 1600க்கு முந்தியது என்று சொல்லப்படும் எந்த வாளுக்கும், அது கிடைத்த இடமும் மண்ணடுக்கும் தெரியாதவரை, இல்லை என்பதே முதல் விடையாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. கல்லின் வரிசை அந்த விடையை மாற்றும் அளவுக்கு வலுவான சான்று கேட்கும். அதுதான் அதன் பயன்.

பதினெட்டாம் நூற்றாண்டு வாள் என்று சொல்லிவிட்டால் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்லலாம். நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளே தொல்பொருள்தான். ஆயிரம் ஆண்டு தேவையில்லை. செய்ய வேண்டிய வேலை வேறு. நடுகற்களின் கல்வெட்டு வாசகம் படிக்கப்பட்டது போல் அவற்றின் வாள்கள் இன்னும் ஒழுங்காகப் படிக்கப்படவில்லை. ஒவ்வொரு கல்லிலும் அலகின் வடிவு, பிடியின் முடிவு, உறை தொங்கும் பக்கம், கேடயம் உண்டா இல்லையா என்பதை அளவுகோல் வைத்துப் படமெடுத்து ஆண்டு வரிசையில் தொகுக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் கிடைக்காது. நடுகல்லுக்குச் சுண்ணாம்பும் எனாமல் வண்ணமும் பூசுவதை ஊரார் நிறுத்த வேண்டும். கோயில் வாளைத் திருவிழாவுக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதையும், சாணையில் கொடுத்துப் பளபளப்பாக்குவதையும் பூசாரிகள் தவிர்க்க வேண்டும். மெல்லிய துணியும் கொஞ்சம் எண்ணெயும் போதும். பிடி ஆடினால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். அந்தப் பிடிக்குள் இருக்கும் பழைய அரக்கு, அந்த வாளைப் பற்றி இனிமேல் யாராவது அறிய வேண்டியிருந்தால் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் சில சான்றுகளில் ஒன்று.